எலுமிச்சம்பழமும் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டும்

காணையில் எங்கள் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு கார் நிற்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு. மாடுகளை விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. காரை மட்டும் பெரியப்பா விற்கவில்லை. அதில் ஏறும்போதெல்லாம் பெரியம்மா கையில் எலுமிச்சம்பழம் இருக்கும். விழுப்புரம் தாண்டுவதற்குள் தலைவலி, திண்டிவனம் வருவதற்குள் வாந்தி. "அவ ஒடம்பு வாகு அப்படி" என்பார் பெரியப்பா. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். பஸ்ஸில் போனால் அவருக்கு ஒன்றுமே ஆவதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பெரியப்பா காலமான பிறகு அந்தக் காரை ஓட வைக்கலாம் என்று ஆசை வந்தது. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தவர்களில் ஒருவன். ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம். டேப்பட் என்று முடிவு கட்டினேன். விழுப்புரத்திலிருந்து வந்த வயதான மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, சாமி ரூம்ல ஊதுபத்தி இருக்கா?" என்றார்.

குளிர்ந்த எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்து, எரியும் ஊதுபத்தியை மேனிஃபோல்டு ஓரமாக மெல்ல நகர்த்தினார். ஓர் இடத்தில் புகை துடித்து விலகியது. அங்கேயே இரும்பின்மேல் மசி பூசினாற்போல ஒரு கறுப்புத் தடம். "கேஸ்கெட்டு போயிருக்கு. சூடேறினா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிடும். ஆனா கேஸு வந்துகிட்டேதான் இருக்கும்."

ஹெரால்டின் பானெட் வித்தியாசமானது. மட்கார்டு, விளக்கு எல்லாமாகச் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். டயர்மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிகலோட்டி. பிரிட்டனில் 1959-ல் டிரயம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தது. அப்போது புதிய கார்களில் தனிச் சட்டகம் வழக்கொழிந்து கொண்டிருந்தது. ஆனால் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃபுக்கு உடற்கூடு செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பிஎம்சி 1953-ல் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சட்டகத்தின்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கும் காராக ஹெரால்டைச் செய்தார்கள். கோவென்ட்ரியின் இந்த நெருக்கடி மெட்ராஸுக்கு வசதியாகிவிட்டது. பெட்டியில் வந்த பாகங்களை எங்கே வேண்டுமானாலும் பூட்டலாமே.

ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் மெட்ராஸில் தொடங்கியது. வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம் தொழிற்சாலை. முதலில் வேன்கார்டு, பிறகு எய்ட், டென், பென்னன்ட், 1961-ல் ஹெரால்டு. லைசென்ஸ் காலத்தில் நாட்டில் கார் செய்த மூன்று பெரிய கம்பெனிகள் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், ஸ்டாண்டர்டு. அம்பாசிடர் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், நம்ம ஊர் கம்பெனியை மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம். 1968-ல் வந்த நான்கு கதவு மார்க் 3 மெட்ராஸில் மட்டுமே செய்யப்பட்டது. டிரயம்ஃப் கூட அப்படி ஒன்றைச் செய்ததில்லை. பிரிட்டனில் எஞ்சின் 1147, 1296 சிசி என்று வளர்ந்தபோது இங்கே கடைசிவரை 948 சிசிதான். 1972-ல் அதே கார் சில மாற்றங்களோடு கெசல் ஆனது, 1977-ல் நின்றது. 1985-ல் ரோவர் எஸ்டி1 உடலுக்குள் வேன்கார்டு காலத்து எஞ்சின் குடும்பத்தின் 1991 சிசி எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று விற்றுப் பார்த்தார்கள். கனமான கார், பழைய எஞ்சின், குடிக்கும் பெட்ரோல். 1988-ல் எல்லாம் முடிந்தது.

அதற்கப்புறம் மேனிஃபோல்டுக்கு எங்கே போவது? புதுப்பேட்டைக்குத்தான். அங்கேயும் ஒருநாள் தீர்ந்துபோகும்.

இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கேஸ்கெட். ஒரே கிளாம்ப் இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்கும். ஒன்று மயிரிழை தடிமன் குறைந்தாலும் கிளாம்ப் சாய்ந்து, அந்தப் பக்கம் பிடி தளர்ந்துவிடும். புகைப் பக்கம் பல நூறு டிகிரி சூடு காண்பது. ஓடி ஆறி, ஓடி ஆறி, வார்ப்பிரும்பு கோணிக்கொள்ளும்.

நட்டுகளில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றினோம். அப்படியும் ஒரு ஸ்டட் முறிந்தது. துளையிட்டு எடுக்க அரை நாள். மேனிஃபோல்டு கழன்றபோதுதான் பார்த்தேன்: கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, அதன்மேல் ஏதோ பசை, அதன்மேல் இன்னொரு வாட்டி கயிறு. மூன்று முறையாவது அடைத்திருக்கிறார். மெக்கானிக் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது கடைக்காரன் வேலையில்ல தம்பி, வீட்ல செஞ்சது" என்றார். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு பெரியப்பா வேலை செய்த ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன.

டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள தகட்டில் ஒயர் நுழையும் துளைகளின் ரப்பர் எல்லாம் உதிர்ந்திருந்தது. அந்த வழியாகப் புகை உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல். பெரியப்பா தன் பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே வைத்து ஓட்டுவார். பெரியம்மாவுக்குக் காற்று பட்டால் காது வலிக்கும் என்று அவர் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். அது அவருடைய அக்கறை. கசிவு அவருக்குத் தெரியும். அதையும் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து யோசித்தாரா என்பதை இனி யாரிடம் கேட்பது?

விழுப்புரம் லேத் பட்டறையில் இரண்டு மேனிஃபோல்டையும் ஒன்றாகப் பூட்டி, விளிம்புகளை ஒரே மட்டத்துக்குச் சீவினோம். புது ஸ்டட், துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாத பித்தளை நட்டு, கிராஃபைட் கேஸ்கெட். நடுவிலிருந்து ஓரங்களுக்கு மாறி மாறி முடுக்கி, ஒருமுறை சூடாக்கி ஆறவிட்டு மறுபடி முடுக்கினார். ரப்பர்களையும் மாற்றினோம். ஊதுபத்திப் புகை நேராக ஏறியது.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாந்திக்குக் காரணம் உங்க உடம்பு இல்ல, கார்தான் என்றேன். கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம், இதிலேயே போகலாமா என்று கேட்டேன்.

"நீ முன்னால போய்யா. நான் பஸ்ல வந்துடறேன்."