'நொட்' எங்க நிக்க வேணும்? ஒரு ஆங்கில விதியின் வயசு

"போக வேண்டாம் எண்டு சொன்னார்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எங்களில் பலருக்கு ஒரு கணம் நாக்குத் தடுக்கும். 'ஹீ டோல்ட் மீ நொட் டு கோ'வா, 'ஹீ டோல்ட் மீ டு நொட் கோ'வா? ரியூசனில் இதற்கு ஒரே வரியில் விடை கிடைக்கும்: 'நொட்' முன்னுக்கு, 'டு' பின்னுக்கு, மாத்திப் போட்டால் பிழை. ஏன் என்று கேட்டால், "இங்கிலிஷ்ல அது அப்பிடித்தான்."

எந்த மொழியிலும் எதுவும் சும்மா "அப்பிடித்தான்" இருப்பதில்லை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு வயசு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த 'நொட்'டின் வயசைப் பார்க்கிற முயற்சி. இலக்கண வகுப்பு எடுக்கப் போகிறேன் என்று பயந்து ஓடிவிட வேண்டாம். இது வரலாறுதான்.

முதலில், நாங்கள் தடுக்குப்படுவதற்கு எங்கள் தாய்மொழியிலேயே ஒரு காரணம் உண்டு. 'போக', 'சாப்பிட', 'படிக்க' மாதிரியான எச்சங்களுக்கு நிகராக ஆங்கிலத்தில் இருப்பதை இன்ஃபினிட்டிவ் என்பார்கள். 'டு கோ', 'டு ஈட்' எல்லாம் அதுதான். தமிழில் 'போக' என்பதற்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்டி அதை எதிர்மறை ஆக்க முடியாது. எங்கள் எதிர்மறை வினைக்கு உள்ளேயோ, வினைக்குப் பிறகோதான் வரும்: போகாமல், போகாதே, போக வேண்டாம், போகேல்ல. "போகச் சொல்லேல்ல" என்பதும் "போக வேண்டாம் எண்டு சொன்னார்" என்பதும் வேறு வேறு விசயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆங்கிலத்திலோ 'நொட்' எங்கே நிற்கிறது என்பதுதான் அந்த வேறுபாட்டைக் காட்டும். 'டோல்ட்'டை மறுத்தால் அவர் போகச் சொல்லவில்லை. 'கோ'வை மறுத்தால் அவர் போக வேண்டாம் என்று சொன்னார். ஆகவே இதில் தடுக்குப்படுவது மொட்டைத்தனம் இல்லை. இரண்டு மொழிகள் எதிர்மறையை இரண்டு இடத்தில் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு சின்னச் சொற்களுக்கு வருவோம்.

ஏறத்தாழ ஆயிரம் வருசத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவ்வுக்கு 'டு' கட்டாயம் இல்லை. 'குடிக்க' என்பதற்கு 'ட்ரிங்கன்' என்று ஒரே சொல். கடைசியில் வருகிற 'அன்' என்ற விகுதிதான் அடையாளம். 'டு' அப்போது 'நோக்கி' என்ற பொருளுள்ள முன்னிடைச்சொல். 'குடிப்பதற்கு' என்ற மாதிரி நோக்கத்தைச் சொல்லும்போது மட்டும் சேர்ந்து வந்தது. பிறகு சில நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தின் விகுதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 'அன்' 'என்' ஆகி, 'எ' ஆகி, கடைசியில் காணாமலே போனது. அடையாளம் போன வெற்றிடத்தில்தான் 'டு' வந்து குந்தியது. தன் சொந்தப் பொருளை இழந்து வெறும் அடையாளச் சொல்லாக மாறியது.

'நொட்'டின் கதை இதைவிட வடிவு. பழைய ஆங்கிலத்தில் 'இல்லை' சொல்லும் வேலையைச் செய்தது வினைக்கு முன் வந்த 'நெ' என்ற சின்னச் சொல். 'நொட்' அப்போது 'நாவிஹ்ட்' என்று இருந்தது, 'ஒரு பொருளும் இல்லை' என்று அர்த்தம். முதலில் அழுத்தத்துக்காகச் சேர்த்தார்கள். நாங்கள் "ஒண்டும் சொல்லேல்ல" என்கிறோமே, அப்படி. சேர்த்துச் சேர்த்துப் பழகிப்போக, அழுத்தம் தேய்ந்து அது வழக்கமானது. மத்திய ஆங்கிலத்தில் வினைக்கு முன் 'நெ', பின் 'நொட்' என்று இரண்டும் வந்தன. பிறகு 'நெ' உதிர்ந்து 'நொட்' மட்டும் மிஞ்சியது. டென்மார்க் மொழியியலாளர் ஒட்டோ யெஸ்பர்சன் 1917இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுற்றை விளக்கினார். ஒஸ்தன் டால் என்பவர் 1979இல் அதற்கு 'யெஸ்பர்சன் சுற்று' என்று பெயர் வைத்தார். பிரெஞ்சிலும் இதே கதைதான். அங்கே 'ஒரு அடி' என்ற பொருளுள்ள 'பா' எதிர்மறையாக மாறி, இன்றைய பேச்சில் பழைய 'நெ'யைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து சாதாரண வினைகளை மறுக்க 'டூ' என்ற துணைவினை நுழைந்தது. 'ஐ சே நொட்' என்று சொன்னவர்கள் மெல்ல மெல்ல 'ஐ டூ நொட் சே' என்றார்கள். ஆனால் இந்தத் துணைவினை இன்ஃபினிட்டிவ் பக்கம் வரவில்லை. அது காலம் காட்டுகிற வினையோடுதான் ஒட்டும், இன்ஃபினிட்டிவ்வுக்கோ காலம் இல்லை. ஆகவே 'நொட் டு கோ' என்று சொல்லும்போது யாருடைய துணையும் இல்லாமல், 1500க்கு முந்தின மாதிரி, 'நொட்' தனியாகவே வேலை செய்கிறது. நூதனசாலைக்குப் போகாமலே பார்க்கக் கிடைக்கிற பழைய பொருள்.

சரி, 'டு நொட் கோ'?

மத்திய ஆங்கிலத்தில் 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் சொல் வைப்பது 13ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஜோன் விக்லிஃப்பின் எழுத்துகளிலும், 15ஆம் நூற்றாண்டில் ரெஜினோல்ட் பீக்கொக் என்ற ஆயரின் எழுத்துகளிலும் இது தாராளமாக இருக்கிறது. நடுவில் வந்த சொற்களில் 'நொட்'டும் ஒன்று. பிறகு 16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தப் பழக்கம் எழுத்தில் கிட்டத்தட்ட மறைந்தது. யாரும் தடை போடவில்லை, வழக்கம் மாறியது, அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது திரும்பத் தலைகாட்டியது. இந்த முறைதான் தடையும் கூடவே வந்தது.

ஆரம்பகாலத் தடைகளில் ஒன்று 1834இல் பொஸ்டனில் வெளியான 'நியூ இங்லண்ட் மகசீன்' சஞ்சிகையில் வருகிறது. எழுதியவர் 'பி' என்ற ஒற்றை எழுத்தில் ஒளிந்துகொண்டார். அவர் சொன்னது என்ன? 'டு'வையும் வினையையும் பிரிப்பது படிக்காத ஆக்களிடம் காணப்படுகிற பழக்கம் என்பது. கவனியுங்கோ. பொருள் குழம்புகிறது என்பதில்லை இங்கே முதற் பேச்சு. யார் அப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான். முப்பது வருசம் கழித்து, 1864இல், கன்டர்பரி டீன் ஹென்றி அல்ஃபர்ட் தன் ஆங்கில நூலில் இப்படி ஒரு வழக்கமே ஆங்கிலேயரிடம் இல்லை என்கிற அளவுக்குப் போனார். விக்லிஃப் எழுதி ஐந்நூறு வருசம் ஆகப்போகிற நேரத்தில்! லத்தீனில் இன்ஃபினிட்டிவ் ஒரே சொல், பிரிக்க முடியாது, அதைப் பார்த்துத்தான் தடை வந்தது என்று பல புத்தகங்களில் வாசித்திருப்பீர்கள். ஆனால் தொடக்கத்தில் தடை போட்டவர்கள் லத்தீனைக் காரணம் காட்டியதற்குச் சான்று இல்லை என்றுதான் பின்வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 'ஸ்ப்ளிட் இன்ஃபினிட்டிவ்' என்ற பெயரே 1890களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இரட்டை எதிர்மறைக்கும் இதே கதிதான் நடந்தது. சோசர் ஒரே வசனத்தில் பல எதிர்மறைகளை அடுக்கி அழுத்தம் கொடுத்தவர். 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் வந்து, இரண்டு எதிர்மறை சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று கணக்குச் சொன்னார்கள். மொழி கணக்கு இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு தொழிலாளரின் பேச்சைப் 'பிழை' என்று ஒதுக்க நல்லாப் பயன்பட்டது.

இங்கேதான் எங்களோடு ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தக் குறிப்பு வந்த பொஸ்டனில்தான் யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பிய அமெரிக்கன் மிசன் சபையின் தலைமையகமும் இருந்தது. அவர்களின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. 1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்கள் வந்து, அரச உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வழியானது. அந்தக் குறிப்பை வட்டுக்கோட்டையில் யாரும் வாசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது காலப்பொருத்தத்தை. 'சரியான ஆங்கிலம்' என்பது படித்தவரையும் படிக்காதவரையும் பிரிக்கிற கோடாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஆங்கிலம் எங்கள் பள்ளிக்கூடங்களுக்குள் வேர்விட்டது. மொழியோடு சேர்ந்து அந்தக் கோடும் வந்தது.

சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ', அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து, இலங்கையில் ஆங்கிலம் எப்படி அதிகாரத்தின் ஆயுதமாக இருக்கிறது என்று எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளியான தன் நூலில் எங்கள் மாணவர்கள் ஆங்கிலத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை ஆராய்ந்தார். ஒரு 'நொட்' இடம் மாறியதுக்கு வகுப்பில் எழும்புகிற சிரிப்பு, அந்த வாளின் ஒரு சின்ன முனை. அந்தச் சிரிப்புக்குப் பயந்து தெரிந்ததையும் பேசாமல் இருக்கிற பிள்ளைகளை எங்கள் பீடத்தில் எந்த வகுப்பிலும் காணலாம்.

அப்ப விதி வேண்டாமா? அப்படி இல்லை. 'நொட் டு கோ'தான் இன்றைக்கும் மிகப் பெரும்பான்மை வழக்கு. பரீட்சையில் அதையே எழுதுங்கோ, புள்ளியை விட வேண்டாம். ஆனால் வழக்கம் வேறு, சட்டம் வேறு. 'நொட்' முன்னுக்கு வருவது பல நூற்றாண்டு வழக்கம். மற்ற மாதிரிச் சொல்பவர் படிக்காதவர் என்பது 19ஆம் நூற்றாண்டில் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர்களின் நாட்டிலேயே அது தளர்ந்துவிட்டது. 1926இல் ஃபௌலர் தன் வழக்காற்று நூலில் இந்தத் தடைக்காக அந்தரப்படுகிறவர்களைக் கிண்டல் செய்தார். 1998இல் வந்த 'நியூ ஒக்ஸ்ஃபோர்ட்' அகராதி பிரித்து எழுதுவதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு 'டு நொட்' என்பதை, வேண்டுமென்றே ஒன்றைச் செய்யாமல் விடுவதை அழுத்திச் சொல்ல, ஆங்கிலேயரே பயன்படுத்துகிறார்கள்.

அவர்கள் விட்ட சட்டத்தை நாங்கள் ஏன் இன்னும் காவல் காக்கிறோம்? அடுத்த முறை ஒரு கூட்டத்தில் யாராவது 'டு நொட்' என்று சொல்லி, பக்கத்தில் இருப்பவர் சிரித்தால், ஒன்றே ஒன்று கேளுங்கோ: "அவர் சொன்னது விளங்கினதோ இல்லையோ?"