நத்தார்ப் பாடல்களில் ஆணும் பெண்ணும்: அமெரிக்க வெகுசன இசை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆண்டுதோறும் டிசெம்பர் மாதத்தில் வானொலிகளிலும் கடைகளிலும் ஒலிக்கும் நத்தார்ப் பாடல்களைத் தொன்றுதொட்டு வந்த மரபெனக் கருதுவோர் பலர். ஆலயங்களிற் பாடப்படும் கீதங்கள் பலவற்றுக்கு இக்கருத்துப் பொருந்தும். ஆயின், பனியையும் பரிசையும் காதலையும் பாடும் வெகுசனப் பாடல்களுட் பல, 1930களின் நடுப்பகுதி தொடக்கம் 1950களின் இறுதிவரை ஐக்கிய அமெரிக்காவின் இசைத்தட்டு, வானொலி, திரைப்படத் தொழில்கள் உருவாக்கியவை. அவை காட்டும் ஆண், பெண் படிமங்களை அக்காலச் சமூகப் பின்னணியில் வைத்து நோக்குவோம்.

இரண்டாம் உலகப்போரின்போது இலட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் தளங்களிலும் பணியாற்றினர். 1945இற் போர் முடிந்ததும் அவருட் பலர் வேலையிழந்தனர். பெண்ணுக்குரிய இடம் வீடே என்பதை விளம்பரங்களும் சஞ்சிகைகளும் மீண்டும் வலியுறுத்தலாயின. விழாக்காலப் பாடலும் இதற்கு விலக்கன்று. 1951இல் மெரெடித் வில்சன் இயற்றிய, நத்தாரின் வருகையைக் கூறும் பாடலிற் சிறுவர் வேண்டுவன காலணியும் துப்பாக்கியும். சிறுமியர் வேண்டுவன நடந்து பேசும் பொம்மைகள். வீரனும் தாயும் விளையாட்டுப் பொருளிலேயே பிரிக்கப்பட்டுவிடுகின்றனர்.

பிராங்க் லோஸர் 1944இல் இயற்றிய 'பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்' மேலும் நுணுகி நோக்கத்தக்கது. நத்தாரைப் பற்றி ஒரு சொல்லும் கூறாத இக்குளிர்காலப் பாடல், காலப்போக்கில் நத்தார்ப் பாடலாகவே ஏற்கப்பட்டது. இசைப்பிரதியில் ஆண்குரல் 'ஓநாய்' எனவும் பெண்குரல் 'எலி' எனவும் குறிக்கப்பட்டன. வீடு திரும்ப வேண்டுமெனப் பெண் கூறும் காரணங்களுட் பெரும்பாலானவை பெற்றோர், உடன்பிறந்தோர், அயலார் ஆகியோர் என்ன நினைப்பர் என்பது பற்றியவை. அவள் வெளிப்படையாக மறுக்கும்போதும் ஆண் அதனைப் பொருட்படுத்துவதில்லை. தங்கிச்செல்ல விரும்பும் பெண் ஊர்வாய்க்கு அஞ்சித் தேடும் சாக்குகளே இவை என்பர் சிலர். வற்புறுத்தலே பாடலின் பொருள் என்பர் வேறு சிலர். இவ்விரு விளக்கங்களும் ஒரே உண்மையையே சுட்டுகின்றன. 'ஆம்' என வெளிப்படையாகக் கூறும் உரிமை பெண்ணுக்கு மறுக்கப்பட்ட சமூகத்தில், அவளது 'இல்லை' என்பதும் மதிப்பிழந்துவிடுகிறது.

1949இல் வெளிவந்த 'நெப்டியூன்ஸ் டோட்டர்' திரைப்படத்தில் இப்பாடல் இரு சோடிகளாற் பாடப்பட்டது. இரண்டாவது சோடியிற் பெண்ணே ஆணைத் தடுத்து நிறுத்துகிறாள். அக்காட்சி நகைச்சுவையாகவே அமைக்கப்பட்டது. ஆண் செய்யின் காதல், பெண் செய்யின் வேடிக்கை என்னும் வேறுபாடு இங்கு மனங்கொள்ளத்தக்கது.

1953இல் ஏர்தா கிற் பாடிய 'சாந்தா பேபி' பேராசை பிடித்த பெண்ணைச் சித்திரிப்பதாகக் குறைகூறப்படுவதுண்டு. விலங்கு மென்மயிர் மேலாடை, மோட்டார் வண்டி, உல்லாசப் படகு, சுரங்க உரிமைப்பத்திரம் என அவள் கேட்பன பல. ஆயின், கடன் வழங்குவதிற் பால், மணநிலை காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது 1974இலேயே. சொத்துக்கான நேர்வழிகள் குறுகிய நிலையில் வசீகரமே அவளது மூலதனமாகக் காட்டப்படுகிறது. பாடகியின் கேலித்தொனி அந்நிலையையே நையாண்டி செய்கிறது எனலாம்.

2018இல் கிளீவ்லாந்து நகர வானொலி நிலையமொன்று லோஸரின் பாடலை ஒலிபரப்பாது விட்டது. 2019இல் ஜோன் லெஜெண்டும் கெலி கிளார்க்சனும் மாற்றிய வரிகளுடன் அதனைப் பாடினர். இவ்விரு முயற்சிகளும் விவாதத்துக்குள்ளாயின. ஒரு பாடலை நீக்குவதால் அதனைத் தோற்றுவித்த உறவுமுறை நீங்கிவிடாது. அதேவேளை, மரபு என்னும் பெயரால் அதனை விமரிசனத்துக்கு அப்பாற்பட்டதாக்குவதும் பொருந்தாது. நாம் மரபெனப் போற்றுவது, பலவேளைகளில், ஒரு தலைமுறையின் சமூக ஏற்பாடேயாகும். மனிதர் அமைத்த ஏற்பாட்டை மனிதரே மாற்றவும் இயலும்.