ஒரு ஜிபி ரேம் போதும்னு முடிவு பண்ணது யாரு? நெட்புக்கின் கதை

நம்ம இன்பாக்ஸ்ல அதிகமா வர்ற கேள்வி எதுன்னா, தங்கச்சியோ தம்பியோ காலேஜ் சேர்றாங்க, 30,000 ரூபாய்க்குள்ள ஒரு லேப்டாப் சொல்லுங்கங்கறதுதான். மாடல் பேர் சொன்னா ஆறு மாசத்துல அது கடையில இருக்காது. அதனால இன்னைக்கு மாடல் சொல்லப் போறதில்ல. விலை குறைஞ்ச லேப்டாப்னு ஒண்ணு எப்படி வந்துச்சு, அதுல எதை வெட்டணும்னு யார் முடிவு பண்ணாங்க, இந்தக் கதையைப் பார்ப்போம். கடையில ஸ்பெக் ஷீட்டைப் படிக்க இது உதவும்.

2005 வரைக்கும் சின்ன லேப்டாப்னா விலை அதிகம். எடை குறையக் குறைய விலை ஏறும். அதெல்லாம் விமானத்துல பறக்கற மேனேஜருக்கான பொருள். அந்த வருஷம் ஜனவரியில டாவோஸ் மாநாட்டுல எம்ஐடி மீடியா லேபைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்டே ஒரு அறிவிப்பு கொடுத்தார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலர்ல லேப்டாப். அந்தத் திட்டம் தனிக் கதை. 2006ல நம்ம மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் அது வேண்டாம்னு சொல்லிடுச்சு, வகுப்பறையும் ஆசிரியரும்தான் முதல் தேவைன்னு. 2007 கடைசியில தயாரிப்புக்கு வந்தப்போ 100 டாலர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருந்துச்சு. ஆனா தயாரிப்பாளர்கள் மனசுல ஒரு விதை விழுந்துடுச்சு. இவ்வளவு மலிவா செய்ய முடியும்னா, அதை ஏன் எல்லாருக்கும் விக்கக் கூடாது?

தைவான் நிறுவனமான ஆசுஸ் 2007 ஜூன்ல, தைபேயில நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில அதுக்குப் பதில் வச்சுது. பேர் ஈ பிசி. அக்டோபர்ல விற்பனைக்கு வந்தது 7 இன்ச் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி ஃபிளாஷ் ஸ்டோரேஜ். ஆமா, 4 ஜிபிதான். இன்னைக்கு கல்யாண வீடியோவுக்கே பத்தாது. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். லைசென்ஸ் காசு மிச்சம்ல.

உலகம் முழுக்க வித்துத் தீர்ந்தது. ஏசர், எம்எஸ்ஐ, எச்பி, டெல்னு எல்லாரும் வரிசையில வந்தாங்க. பிரச்சினையும் கூடவே வந்துச்சு. அந்தக் காலத்து வெப்சைட் எல்லாம் 1024 பிக்சல் அகலத்துக்குச் செஞ்சது. ஈ பிசி திரையோ 800. ஒரு வரி படிக்க இடமும் வலமும் இழுக்கணும். அப்புறம் வந்த 10 இன்ச் நெட்புக்ல அகலம் 1024 கிடைச்சுது, உயரம் 600தான். சில சாஃப்ட்வேர்ல 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழ போய் ஒளிஞ்சுக்கும். 2008ல எம்எஸ்ஐ அதிகாரி ஒருத்தர் ஒரு பேட்டியில, லினக்ஸ் நெட்புக்கைத் திருப்பிக் கொடுக்கறவங்க விண்டோஸ் நெட்புக்கை விட நாலு மடங்குன்னு சொன்னார். லினக்ஸ் மோசம்னு நான் சொல்ல மாட்டேன், என் சோறே அதுலதான். பொட்டியைப் பிரிச்சவங்க பழக்கப்பட்ட ஸ்டார்ட் பட்டனை எதிர்பார்த்தாங்க. அது இல்லைன்னு கடையில யாரும் தெளிவா சொல்லல.

இப்போ கதையோட முக்கியமான இடத்துக்கு வர்றோம். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு தலைவலி. 2007 தொடக்கத்துல விஸ்டாவை வெளியிட்டிருந்தாங்க, அது இந்தக் குட்டி மெஷின்ல நகரவே நகராது. எக்ஸ்பி விற்பனையை 2008 ஜூன் 30ஓட நிறுத்தறதா அறிவிச்சாச்சு. அப்படியே விட்டா ஒரு புது வகை கம்ப்யூட்டர் மொத்தமும் லினக்ஸ் கைக்குப் போயிடும். அதனால 2008 ஏப்ரல்ல, மலிவு லேப்டாப்களுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் தொடரும்னு சொன்னாங்க. விலையும் சலுகை. ஆனா நிபந்தனை உண்டு. ரேம் 1 ஜிபிக்கு மேல போகக் கூடாது, திரை பெரிசாகக் கூடாது, ஹார்ட் டிஸ்க்குக்கும் உச்சவரம்பு. பின்னாடி திரையையும் டிஸ்க்கையும் கொஞ்சம் தளர்த்தினாங்க. ரேம் மட்டும் அதே 1 ஜிபி.

யோசிச்சுப் பாருங்க. சலுகை விலை எக்ஸ்பி நல்ல ரேமும் நல்ல திரையும் இருக்கற மெஷினுக்குக் கிடைச்சா, விஸ்டா போட்ட லேப்டாப்பை யார் வாங்குவா? அந்த வேலிக்குத்தான் 1 ஜிபி. பல நெட்புக்ல ஸ்க்ரூ ஒண்ணைக் கழட்டி 2 ஜிபி ரேமை நீங்களே மாட்டிக்கலாம், நல்லாவே ஓடும். மதர்போர்டு தடுக்கல, ஒப்பந்தம் தடுத்துச்சு. அந்த வருஷம் கடைக்குப் போனவங்களுக்கு எல்லா பிராண்டும் ஒரே ஸ்பெக்கா தெரிஞ்சதுக்குக் காரணம் இதுதான். இன்டெல் பக்கமும் இதே கவலை. ஆட்டம் ப்ராசஸர் அவங்களோட விலை உயர்ந்த சிப் விற்பனையைத் தின்னுடக் கூடாது. அந்த ஆட்டம் என்270 வெறும் 2.5 வாட்ல ஓடும்னு பெருமையா சொன்னாங்க. கூட வந்த பழைய சிப்செட் அதைப் போல சில மடங்கு மின்சாரம் குடிச்சதை விளம்பரத்துல சொல்லல!

2009 அக்டோபர்ல விண்டோஸ் 7 வந்தப்போ நெட்புக்குக்குன்னு 'ஸ்டார்ட்டர்' பதிப்பு. அதுல டெஸ்க்டாப் வால்பேப்பரைக் கூட மாத்த முடியாது. ஒரே நேரத்துல மூணு ப்ரோக்ராம்தான் ஓடும்னு முதல்ல ஒரு திட்டம் வச்சிருந்தாங்க, எதிர்ப்பு கிளம்பினதும் வெளியீட்டுக்கு முன்னாடியே கைவிட்டாங்க. வால்பேப்பர் மாத்தறதுக்கு எந்த ப்ராசஸருக்கும் சிரமம் இல்ல. நீ மலிவானதை வாங்கியிருக்கேன்னு தினம் நினைவுபடுத்தற ஏற்பாடு அது. எனக்கு இன்னைக்கும் அது எரிச்சல்தான்.

2010 ஜனவரியில ஐபேடை அறிமுகப்படுத்தின ஸ்டீவ் ஜாப்ஸ், நெட்புக் எந்த ஒரு வேலையிலயும் சிறந்தது இல்லைன்னு மேடையிலயே சொன்னார். மூணு வருஷத்துல நெட்புக் சந்தையே காலி.

நம்ம ஊர் இந்தக் கதையில நுழையறது இங்கதான். 2011 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்குச்சு. எல்காட் மூலமா கொள்முதல், முதல் வருஷ இலக்கே 9 லட்சத்துக்கு மேல. நெட்புக் இன்னும் கடையில குவிஞ்சு கிடந்த நேரம். மலிவா முடிக்கணும்னா 10 இன்ச், 1 ஜிபினு டெண்டர் போட்டிருக்கலாம். போடல. 14 இன்ச் திரை, 2 ஜிபி ரேம், 320 ஜிபி டிஸ்க், விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துன்னு கேட்டாங்க. மூடியில முதல்வர் படம் இருக்குன்னு அந்த லேப்டாப்பைக் கிண்டல் பண்ணவங்க நிறைய. இருக்கட்டும். வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கற குடும்பத்துக்கு அது முழு அளவு லேப்டாப்பா இருக்கணும்னு யாரோ ஒரு வரியில எழுதினது, அந்தத் திட்டத்துலயே எனக்குப் பிடிச்ச வரி. அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளை ஜாவா கத்துக்கணும்னா 'ஓகே' பட்டன் திரைக்குள்ள தெரியணும்ல?

நெட்புக் செத்தாலும் அந்த வேலி சாகல. 2014 கடைசியில 199 டாலருக்கு எச்பி ஸ்ட்ரீம் வந்துச்சு. 2 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ். இஎம்எம்சின்னா போர்டுலயே ஒட்டின சிப், கழட்டி மாத்த முடியாது. பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தா இறக்கவே இடம் இருக்காது. நெட்புக்ல ஸ்க்ரூவாவது இருந்துச்சு. விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கேட்டப்போ இந்த வகை மெஷின் எல்லாம் வெளிய நின்னுச்சு. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது.

அதனால அந்த 30,000 ரூபாய் கேள்விக்கு என் பதில் இதுதான். ப்ராசஸர் பேரைப் பார்க்கறதுக்கு முன்னாடி, பின்னால மாத்த முடியாதது எதுன்னு கேளுங்க. ரேம் ஒட்டினதா, ஸ்லாட்டா? ஒட்டினதுன்னா 8 ஜிபிக்குக் கீழ தொடாதீங்க. ஸ்டோரேஜ் இஎம்எம்சியா, எஸ்எஸ்டியா? திரையை நேர்ல பார்த்தீங்களா? புதுசுல இதெல்லாம் அமையலைன்னா, அலுவலகங்கள்ல இருந்து வர்ற பிசினஸ் லேப்டாப் செகண்ட்ஹேண்ட்ல கிடைக்கும். இன்டெல் 8வது தலைமுறை அல்லது அதுக்கு அப்புறம் வந்ததா பாருங்க, விண்டோஸ் 11 அதுக்குக் கீழ ஏத்துக்காது. பேட்டரி எவ்வளவு தாங்குதுன்னு கடையிலயே ஓட்டிப் பார்த்துட்டு, வாரண்டியை பில்லுல எழுதி வாங்குங்க.

ரேமை போர்டோட ஒட்டற பழக்கம் விலை உயர்ந்த பக்கத்துலயும் அதே சமயத்துலதான் பிரபலமாச்சு. 2008 ஜனவரியில ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ள இருந்து மேக்புக் ஏரை உருவினாரே, அந்தக் கதை அடுத்த எபிசோட்ல.