வாக்கு உண்டு, வலு இல்லை: புதுவையின் மாநிலக் கோரிக்கை

பெண்ணாடத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. ஜிப்மருக்கு வைத்தியத்துக்கு, கல்யாணத்துக்கு, துணிமணிக்கு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். கடலூர் தாண்டி முள்ளோடை வந்ததும் எல்லை. அதற்கு அப்பால் கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம். பேச்சு அதே தமிழ்தான், வயலும் அதே வயல்தான். ஆனால் அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் ஓட்டுக்கும் அந்தப் பக்கம் இருப்பவரின் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்றல்ல. இதை நம்மவர்கள் பலர் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கதை 1954இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் சேர வேண்டும் என்று 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் சட்டப்படியான இணைப்பு. அந்த ஒப்பந்தத்தில் முக்கியமான ஒரு ஷரத்து உண்டு. இந்தப் பகுதிகளின் தனி நிலையில் மாற்றம் செய்வதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்பது அது.

1979இல் மொரார்ஜி தேசாய் பிரதமராக இருந்தபோது, புதுவையைத் தமிழ்நாட்டோடு இணைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. புதுவை கொந்தளித்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த ஜனவரி மாதக் கலவரச் செய்திகள் நினைவிருக்கும். கடைசியில் இணைப்பு யோசனை கைவிடப்பட்டது. நம்மோடு சேர அவர்கள் மறுத்தது நம் மீதுள்ள வெறுப்பால் அல்ல. தங்கள் அடையாளத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்ற உணர்வால்.

இணைப்பு வேண்டாம் என்றவர்களுக்கு முழு உரிமையாவது கிடைத்ததா? 1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி சட்டமன்றம் வந்தது. 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேல் 3 பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் கருத்து வேறுபாடு வந்தால் விஷயம் குடியரசுத் தலைவரிடம், அதாவது டெல்லியிடம் போகும். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே புதுவை சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் கிடைத்தது.

நியமன உறுப்பினர் என்பது வெறும் அலங்காரப் பதவி அல்ல. 2017இல் அமைச்சரவையைக் கேட்காமலே மூவர் நியமிக்கப்பட்டார்கள். அது செல்லும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மையை நிரூபிக்க வேண்டி வந்தபோது, அவர்களுக்கு வாக்குரிமை உண்டா என்பதே சபையில் வாதமாயிற்று. முதல்வர் வெளியேறினார், அரசு கவிழ்ந்தது. கட்சி எதுவானாலும் இது யோசிக்க வேண்டிய விஷயம். ஒரு தொகுதியில்கூட ஓட்டுக் கேட்காதவர் ஓர் அரசின் தலைவிதியில் கைவைக்கலாம் என்றால், ஓட்டுப் போட்டவனின் மதிப்பு என்ன?

பணத்திலும் இதே நிலைதான். மாநிலங்களுக்கு மத்திய வரியில் பங்கு உண்டு. 15ஆவது நிதிக்குழு அதை 41 விழுக்காடு என்று வைத்தது. புதுவை மாநிலம் அல்லாததால் அந்தப் பங்கில் இல்லை. மத்திய அரசு தரும் மானியத்தை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ரொம்பச் சின்ன ஊர் ஆயிற்றே என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் புதுவையின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். அதே கணக்கில் மிசோரம் சுமார் 11 லட்சம், சிக்கிம் 6 லட்சம். இரண்டும் மாநிலங்கள். புதுவையோடு ஒரே சட்டத்தின் கீழ் இருந்த கோவா 1987 மே 30ஆம் தேதி மாநிலமாகிவிட்டது. இன்னொரு ஆட்சேபம் நியாயமானது. காரைக்கால் தஞ்சைப் பக்கம், மாஹி கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில் சிதறிக் கிடக்கின்றன. தலைநகர் தங்களைக் கவனிப்பதில்லை என்ற மனக்குறை அங்கெல்லாம் உண்டு. மாநில அந்தஸ்து வந்தால் அவர்களுக்கும் உரிய பங்கு எழுத்தில் உறுதியாக வேண்டும். மானியம் குறையுமா என்ற கணக்கையும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

இந்தக் குறை நம் நாட்டில் மட்டும் இல்லை. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் குடியிருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுக் கிடையாது.

புதுவை சட்டமன்றம் மாநில அந்தஸ்து கேட்டுப் பலமுறை தீர்மானம் போட்டாயிற்று. ரங்கசாமி முதல்வராக இருக்கையில் 2023 மார்ச்சில் ஏகமனதாக நிறைவேறியதும் அதில் ஒன்று. டெல்லி இறங்கவில்லை. கீழூரில் 170 பேர் வாக்களித்தது சம உரிமையுள்ள குடிமக்களாகச் சேரத்தான். மக்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்ற ஷரத்து இணைப்பைத் தடுக்க மட்டுமா எழுதப்பட்டது? அவர்கள் ஒன்றைக் கேட்கும்போது காது கொடுக்கவும்தானே? அடுத்த முறை முள்ளோடையைத் தாண்டும்போது நீங்களும் யோசித்துப் பாருங்கள்.