அடைத்த கதவின்முன் ஒரு புலவர்

சங்கப் புலவர் என்றதும் அரசரைப் புகழ்ந்து பாடிப் பரிசில் பெற்றவர் என்னும் எண்ணமே நம்மிற் பலருக்கு எழுகின்றது. அஃது ஓரளவு உண்மையே. கோவூர் கிழாரும் சோழன் நலங்கிள்ளியைப் பலபடப் பாராட்டியவர். அவனது கொடையை நாடி வாழ்ந்தவர். எனினும், உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில் 44 முதல் 47 வரை அடுத்தடுத்து அமைந்த அவருடைய நான்கு பாடல்களைப் பயில்வோர் வேறொரு கோவூர் கிழாரைக் காண்பர்.

நலங்கிள்ளிக்கும் அவன் குலத்தவனாகிய நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்டது. ஆவூர் முற்றுகையிடப்பட்டபோது நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்துவிட்டான். அவன் போருக்கு எழவுமில்லை, பணியவுமில்லை. யானைகள் நீராட்டும் நெய்க்கவளமுமின்றித் துன்புற்றன. குழந்தைகள் பாலின்றி அழுதன. மகளிர் பூவற்ற வெறுங்கூந்தலை முடித்தனர். நீரின்றி வீடுகளில் அழுகுரல் எழுந்தது. அரசனைச் சூழ்ந்திருந்தோர் இவற்றை அறியாதிருந்திருப்பரோ? அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தவராக நாம் அறிவது புலவரை மட்டுமே. அறத்தை விரும்பினால் நாட்டை அவனுக்கு அளித்துக் கதவைத் திறக்க வேண்டும். வீரத்தை விரும்பினால் போரிடத் திறக்க வேண்டும். இரண்டுமின்றி மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது என்றார்.

மாற்றானைக் கடிந்துரைப்பது பெரிதன்று எனச் சிலர் கருதலாம். உறையூர் முற்றுகையின்போது அவர் தம் புரவலனையும் விட்டாரில்லை. எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடும் சேரனல்லன், வேம்பு சூடும் பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. யார் தோற்பினும் தோற்பது சோழர்குடி. பிற வேந்தர்க்கே அது மகிழ்ச்சி தரும் என்று இருவர்க்கும் ஒருசேர உரைத்தார். உண்ணும் சோறு எவனுடையதோ அவனிடமே இதனைக் கூறுதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

அக்காலத்தில் இஃது எத்துணை இடர் மிகுந்த செயல் என்பதற்கும் சான்றுண்டு. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் என ஐயுற்று, இதே நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டான். பிறர்க்குத் தீங்கெண்ணாது பரிசில் தேடித் திரியும் புலவர் வாழ்வை எடுத்துக்கூறி அவரை மீட்டவரும் கோவூர் கிழாரே. கிள்ளிவளவன் மலையமானின் இளஞ்சிறுவரை யானைக்காலில் இட முனைந்தபோது, யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்ற அக்குழந்தைகளைச் சுட்டிக்காட்டினார். புறாவின் துயர்தீர்த்தோன் வழிவந்தவன் நீ என்றும் அவனுக்கு நினைவூட்டினார்.

இவ்விரு பாடல்களின் அடிக்குறிப்புகளும் ‘உய்யக் கொண்டது’ என முடிகின்றன, உயிர்கள் பிழைத்தன. ஆவூர், உறையூர்ப் பாடல்களின் குறிப்புகளில் அச்சொல் இல்லை. நெடுங்கிள்ளியின் பெயரோ ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடைமொழியுடன் வழங்குகின்றது. அவன் உயிர் நீத்த இடம் காரியாறு.