கைமாறி வந்த ஸ்போர்ட்ஸ் கார்

இங்கிலாந்தில் 20 வயதான ஒரு போர்ஷே பாக்ஸ்டரை, புதிதாக வரும் சின்னக் குடும்பக் காரைவிடக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். விளம்பரத்தைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டுந்தான். அதன் கிளட்ச்சும் பிரேக் டிஸ்க்கும் இன்னும் போர்ஷே விலைக்குத்தான் வரும். மெக்கானிக்கின் கூலியும் அதே கணக்குத்தான். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம் ஊரில் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

ஆனால் எல்லாப் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இப்படித் தின்பதில்லை. 50 வயதைத் தாண்டியும் சாதாரணச் சம்பளக்காரரின் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிகள் உண்டு. ஒன்று தின்கிறது, இன்னொன்று தின்பதில்லை என்றால், அந்த வண்டி பிறந்தபோது யாரிடமிருந்து உறுப்புகளைக் கடன் வாங்கியது என்று முதலில் பார்க்க வேண்டும். அதைத் தேடிப் போனால் முதலில் எதிர்ப்படுவது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை.

முதல் உலகப்போரின்போது, ஜெர்மன் படை பாரிஸை நெருங்கிய வேளையில், ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் இயந்திரத் துப்பாக்கி செய்ய ஓர் ஆலை போட்டது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலையில்லை. ஆலை மோரிஸ் கார்களுக்கு எஞ்ஜின் செய்து கொடுக்கத் தொடங்கியது. 1923இல் அந்தக் கார்களைச் செய்த வில்லியம் மோரிஸ் அதை விலைக்கே வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்த இயந்திரங்களோ பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அவற்றை மாற்றினால் பெருஞ்செலவு. அதனால் மரையை மெட்ரிக்கிலேயே விட்டுவிட்டு, போல்ட்டின் தலையை மட்டும் ஆங்கிலேய மெக்கானிக்கின் ஸ்பானருக்குப் பொருந்தும்படி விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் அளவில் செய்தார்கள். ஒரே போல்ட்டில் இரண்டு தேசம்.

அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மோரிஸ் கராஜஸ் என்ற விற்பனை நிலையத்தை நடத்திவந்த செசில் கிம்பர், மோரிஸ் குடும்பக் காரின் சேஸிஸின் மேல் ஒய்யாரமான உடலைப் பொருத்தி விற்றார். மோரிஸ் கராஜஸின் முதலெழுத்துகள்தாம் எம்ஜி. இன்று நம் சாலைகளில் ஹெக்டர் காரின் முகப்பில் பார்க்கிற அதே எண்கோணச் சின்னம் அப்போது பிறந்ததுதான். விலை மலிவாக இருந்ததற்குக் காரணம் எளிது: அடியில் இருந்தது எல்லாரும் ஓட்டிய மோரிஸ். உதிரிபாகம் ஊருக்கு ஊர் கிடைத்தது.

1945இல் எம்ஜி டிசி வந்தது. போரில் கடன்பட்டிருந்த பிரிட்டன், ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் எஃகு என்று சொல்லிவிட்ட காலம். இங்கிலாந்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் குட்டி வண்டிகளில் மயங்கியிருந்தார்கள். மொத்தம் செய்த 10,000 சொச்சம் டிசிக்களில் ஏறத்தாழ 2,000 அட்லாண்டிக்கைத் தாண்டின. எல்லாமே வலப்பக்க ஸ்டியரிங். அமெரிக்கர்கள் அதையும் பொருட்படுத்தவில்லை. அவர்களைச் சோதித்தது கவன்ட்ரியின் அந்தப் போல்ட். கலிஃபோர்னியா மெக்கானிக்கிடம் இருந்த அமெரிக்க அங்குல ஸ்பானர் அதன் தலைக்குப் பொருந்தாது. தொலைந்துபோனால் உள்ளூர் இரும்புக் கடையில் மரையும் கிடைக்காது. சொந்த ஊரில் மலிவாக ஓடிய வண்டி கடல் தாண்டியதும் செலவாளி ஆகிவிட்டது. பழைய வண்டி வாங்குகிறவர் வண்டியை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு உதிரிபாகம் எந்த ஊரிலிருந்து வரும் என்றும் பார்க்க வேண்டும் என்பதை முதலில் கற்றவர்கள் இந்த டிசிக்களை வாங்கியவர்கள்தாம்.

விளக்கு எரியாத தொல்லை வேறு. பிரிட்டிஷ் வண்டிகளின் மின்சாதனங்களைச் செய்த ஜோசப் லூகாஸ் நிறுவனத்துக்கு அமெரிக்கர்கள் இருளின் இளவரசன் என்று பட்டம் கட்டினார்கள். நம் சென்னைப் பாடியில் 1961இல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து ஆலை தொடங்கிய அதே லூகாஸ்தான். அந்தப் பட்டம் கொஞ்சம் அநியாயம் என்பது என் எண்ணம். பழைய வண்டிகளில் பாதித் தகராறு எர்த் இணைப்பில் துரு ஏறுவதால் வருகிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்ய அரைமணி நேரம் போதும். இந்த வகைத் தொல்லை பணத்தைவிடப் பொறுமையைத்தான் கேட்கும்.

பணத்தைக் கேட்கிற வகைக்கு நியூயார்க்கிலிருந்த மேக்ஸ் ஹாஃப்மன் வழி திறந்தார். ஆஸ்திரியாவில் பிறந்த இந்த இறக்குமதி வியாபாரி, அமெரிக்கர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கே சொல்லிக் கொடுத்தவர். அவருடைய யோசனையில் உருவான வண்டிகளுள் ஒன்று பிஎம்டபிள்யூ 507. சுமார் 5,000 டாலருக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். செய்து முடிக்கும்போது விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 1959 வரை 252 வண்டிகளே பிறந்தன, நிறுவனமும் திவாலாகும் விளிம்புக்குப் போனது.

அந்த 252இல் ஒன்றை 1958இல் ஜெர்மனியில் ராணுவச் சேவையில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி எடுத்துக்கொண்டார். புது வண்டி அல்ல, பந்தய வீரர் ஹான்ஸ் ஸ்டுக் ஏற்கெனவே ஓட்டியது. வெள்ளை வண்டியில் ரசிகைகள் உதட்டுச் சாயத்தால் எழுதிவைத்துப் போனதால் அதற்குச் சிவப்பு அடித்தார். பிறகு வண்டி அமெரிக்கா போய், அலபாமாவில் ஒரு வானொலி அறிவிப்பாளர் கைக்கு வந்தது. அவர் அதன் எஞ்ஜினை எடுத்துவிட்டு ஷெவர்லே எஞ்ஜினைப் பொருத்திப் பந்தயம் ஓட்டினார். பின்னர் கலிஃபோர்னியாவில் ஒரு பூசணிக்காய்க் கிடங்கில் பல ஆண்டு கிடந்தது. கடைசியில் பிஎம்டபிள்யூவே அதை மீட்டுச் சீரமைத்து 2016இல் காட்சிக்கு வைத்தது. எஞ்ஜினை உதிரிகளிலிருந்து புதிதாகக் கோக்க வேண்டியிருந்தது. கதவுக் கைப்பிடியையும் கண்ணாடி ஏற்றும் பிடியையும் முப்பரிமாண அச்சில் செய்தார்கள். செய்த நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், இப்படித் தனக்கென்றே உறுப்புகள் கொண்ட அரிய வண்டியைச் செகண்ட் ஹேண்டில் வாங்கும் தனியாளை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு நேரெதிரான பிறப்பு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருடையது. ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. இனி உங்களுக்குச் செய்ய முடியாது என்று கைவிரித்தார்கள். வேறு வழியில்லாமல் தனிச் சேஸிஸ் ஒன்றைப் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாக உடலை போல்ட் அடித்துச் சேர்க்கும் வண்டியாக ஹெரால்டை உருவாக்கினார்கள். அந்தக் காலத்துக்கு அது பழைய பாணி. ஆனால் துண்டுகளாக இருந்ததால் எந்த நாட்டுக்கும் அனுப்பிக் கோக்க முடிந்தது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிறந்தது இந்த வழியில்தான். வண்டலூர் ஆலையை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதே சேஸிஸைக் குட்டையாக்கி, ஹெரால்டை வரைந்த இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டியே வரைந்த இரண்டு இருக்கை உடலை வைத்தால் அது ஸ்பிட்ஃபயர். நிறுவனத்தில் பணமில்லாமல் முதல் மாதிரி வண்டி துணி போர்த்தி மூலையில் கிடந்தது. லேலண்ட் நிறுவனம் ஆலையை வாங்கியபின் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. முன்பக்கம் முழுவதும் பெட்டி மூடிபோல் தூக்கித் திறக்கும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்ஜின் வேலை பார்க்கலாம். ஆபத்து இல்லாமல் இல்லை. ஆரம்பகால வண்டிகளில் வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி சுழன்றுவிடும். துருவோ சேஸிஸின் ஓரக் கைகளையும் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிச் சட்டத்தையும் தின்னும். பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய வண்டிக்கு அடியில் காந்தத்தோடு குனிந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்: காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு பயணியும் புறப்பட்டிருந்தது: ஒரு பெல்ட். 1940களில் அமெரிக்க நெசவாலைகளில் இரண்டு தண்டுகளை இம்மி பிசகாமல் சேர்ந்து சுழல வைக்கப் பல்வைத்த ரப்பர் பெல்ட்டைப் பயன்படுத்தினார்கள். சங்கிலியைவிட மலிவு, சத்தமும் குறைவு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் அதைச் சின்னக் காரின் எஞ்ஜினுக்குள் கொண்டுவந்தது. 1966இல் ஃபியட்டில் அதைப் பின்பற்றியவர் அவுரேலியோ லாம்ப்ரெடி, ஒரு காலத்தில் ஃபெராரிக்கு எஞ்ஜின் வரைந்தவர். 1973இல் ஃபெராரியின் 12 சிலிண்டர் வண்டிக்கும் அதே பெல்ட் வந்துவிட்டது. ரப்பருக்கு வயதாகும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்ஜின் நொறுங்கும். 1990களின் எஃப்355இல் இந்தப் பெல்ட்டை மாற்ற எஞ்ஜினையே கீழே இறக்க வேண்டும். பெல்ட்டின் விலை சொற்பம். இறக்கி ஏற்றும் கூலிதான் பழைய ஃபெராரி வாங்கியவரைத் திகைக்கவைக்கும். ‘குறைவாக ஓடிய வண்டி’ என்று விளம்பரம் சொன்னால், பெல்ட் கடைசியாக மாற்றிய தேதிக்கான ரசீதைக் கேளுங்கள்.

1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். அடுத்து என்ன வண்டி செய்யலாம் என்று கேட்டவரிடம், பழைய பிரிட்டிஷ் திறந்த வண்டியைச் செய்யுங்கள், ஆனால் தினமும் ஸ்டார்ட் ஆகட்டும் என்றார். யமமோட்டோ ஒரு ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தார், பிடித்துவிட்டது. வண்டலூர் ஹெரால்டின் தம்பி ஜப்பானில் ஒரு முடிவை எடுக்கவைத்த கதை இது. ஓடும் முதல் மாதிரியை இங்கிலாந்தின் வொர்திங் நகரத்தில் செய்தார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 வெளிவந்தது, அமெரிக்க விலை 13,800 டாலர். எஞ்ஜின், மாஸ்டாவின் 323 குடும்பக் காருடைய 1.6 லிட்டர். இதிலும் பெல்ட் உண்டு. ஆனால் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதாது. வண்டி சாலையோரம் நின்றுவிடும், அவ்வளவுதான். அதே பெல்ட் ஃபெராரியில் பேரிடி, மாஸ்டாவில் ஒரு நாள் வேலை.

வெற்றியைப் பார்த்ததும் காப்பியடிக்க எல்லாரும் ஓடிவந்தார்கள். 1995, 1996இல் மட்டும் பிஎம்டபிள்யூ இசட்3, ஃபியட் பார்கெட்டா, மெர்சிடஸ் எஸ்எல்கே, பாக்ஸ்டர் எல்லாம் வரிசையாக வந்தன. எம்ஜியே எம்ஜிஎஃப்போடு திரும்பியது. அது குடும்பக் காரின் எஞ்ஜினைத்தான் கடன் வாங்கியது, ஆனாலும் ஹெட் கேஸ்கட் போவதில் பேர்பெற்றது. கடன் வாங்கியதெல்லாம் மலிவு என்ற கணக்கு இங்கே தவறுகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெள்ளைக் கசடு தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

போர்ஷேயின் கதை வேறு. 1990களின் தொடக்கத்தில் நிறுவனம் தத்தளித்தபோது, தலைவர் வெண்டெலின் வீடகிங் டொயோட்டாவிலிருந்து வந்த நிபுணர்களை அழைத்துச் செலவைக் குறைக்கக் கற்றார். பாக்ஸ்டரும் அந்தத் தலைமுறை 911உம் முன்கதவையும் முகவிளக்கையும் பகிர்ந்துகொண்டன. இரண்டுக்கும் நீரால் குளிரும் புதிய எஞ்ஜின் குடும்பம் ஒன்று. அதற்குள் ஓர் இடைத்தண்டு, அதன் முனையில் மூடிய பால் பேரிங். காலப்போக்கில் கிரீஸ் கரைந்து எஞ்ஜின் ஆயில் உள்ளே புகும். பேரிங் உடைந்தால் எஞ்ஜின் முழுசாகப் போகும். எல்லா வண்டியிலும் உடைவதில்லை, சிறுபான்மைதான். ஆனால் எதில் உடையும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அமெரிக்காவில் வழக்கு நடந்து 2013இல் சமரசம் ஆனது. பாக்ஸ்டரின் விலை இப்படி இறங்கிக் கிடப்பதில் உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பேரிங்குக்கும் பங்குண்டு. கிளட்ச் மாற்றும்போதே பேரிங்கையும் மாற்றிய ரசீது இருந்தால், அந்த ரசீதுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

மாஸ்டா மட்டும் இன்னொரு சுற்றுப் போனது. ஜப்பானில் முதல் 3 ஆண்டுக்குப் பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை; கட்டணமும் வேலைச் செலவும் கூடிக்கொண்டே போகும். பலர் வண்டியை விற்றுவிடுவார்கள், வியாபாரிகள் கப்பலேற்றுவார்கள். அப்படி 1990களில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற ஜப்பானியப் பெயரோடு எம்எக்ஸ்-5கள், ஸ்பிட்ஃபயர் பிறந்த இங்கிலாந்துக்கே வந்து இறங்கின. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அவற்றுக்காகக் காத்திருந்தது. துணிக்கூரையின் நீர் வடியும் துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவின் கீழ்ச் சட்டத்தில் தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். அந்தத் துளையைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யக் காசே வேண்டாம்; விட்டுவிட்டால் தகடு வெட்டி வெல்டிங் வைக்க வேண்டிவரும்.

2016இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 ஆலையைவிட்டு வெளியே வந்தது. அடுத்த ஆண்டு மாஸ்டா முதல் தலைமுறை வண்டிகளைத் தானே சீரமைத்துத் தருவதாக ஜப்பானில் அறிவித்தது. நின்றுபோன உதிரிபாகங்களை மறுபடி செய்யத் தொடங்கினார்கள்: துணிக்கூரை, நார்டி மர ஸ்டியரிங், கியர் குமிழ். வண்டி புதிதாக இருந்தபோது பூட்டிவந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரைக்கூட மறுபடி வார்க்க ஏற்பாடு செய்தார்கள்.