கோடையில் உறையும் வானம்

ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு அலைகள் வேறு. இது நம் காற்றுமண்டலத்தின் கதை. மலையில் மோதும் காற்றும் பொங்கி எழும் இடிமேகமும் காற்றை மேலே தள்ளும். புவியீர்ப்பு கீழே இழுக்கும். இந்த ஏற்ற இறக்கம் அலையாக உயரே செல்கிறது.

85 கி.மீ. உயரத்தில் ஒரு விந்தை. துருவத்தில் கோடை முழுக்க வெயில். ஆனால் அங்கே அப்போதுதான் கடுங்குளிர், சுமார் -140 டிகிரி செல்சியஸ். குளிர்காலத்தில் இவ்வளவு குளிர் இல்லை. சூரிய வெப்பத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில் இந்த விடை வரவில்லை. 1964-இல் அமெரிக்கரான கான்வே லியோவி தம் கணக்கில் ஓர் உராய்வைச் சேர்த்தார். விடை நெருங்கியது. ஆனால் அந்த உராய்வு எங்கிருந்து வந்தது?

துப்பு முன்பே இருந்தது. எரிகற்களின் தடங்கள் வளைந்து நெளிவதற்கு இவ்வலைகளே காரணம் என்று 1960-இல் கனடாவின் காலின் ஹைன்ஸ் எழுதியிருந்தார். உயரே காற்றின் அடர்த்தி குறையக் குறைய அலை பெரிதாகி, கடைசியில் உடைகிறது; அங்கு வீசும் காற்றைத் தடுக்கிறது. அதனால் கோடைத் துருவத்தில் காற்று மேலெழுந்து, விரிந்து, குளிர்கிறது.

கணினி மாதிரியின் கட்டங்களோ மிகப் பெரியவை. சிறு அலைகள் வலைக்கண்ணில் நழுவும் பொடிமீன்கள். அலை எங்கே உடையும், எவ்வளவு தடுக்கும் என்பதற்கு 1981-இல் ரிச்சர்டு லிண்ட்சன் சூத்திரம் தந்தார். பிடிபடாத அலையின் விளைவும் கணக்கில் ஏறியது.

விடை சரியானாலும் வழிமுறை எழுதாவிட்டால் முழு மதிப்பெண் இல்லை என்போம் வகுப்பில். லியோவியின் விடைக்கு வழிமுறை எழுதி முடிக்க 17 ஆண்டுகள் ஆயின.